எல்லோருக்கும் முழு அனுமதி

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சர்வரில் புதிதாக ஒரு டிஎல்எல் கோப்பைப் போட்டாயிற்று. கறுப்புத் திரையில் ரெக்எஸ்விஆர்32 என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரையும் அடித்து, என்டர் தட்டியாயிற்று. ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கிறது. கோப்பு ஏற்றப்பட்டதாம், ஆனால் டிஎல்எல்ரிஜிஸ்டர்சர்வர் என்ற அழைப்பு தோற்றுப் போனதாம், பிழை எண் 80070005. கீழே ஒரே ஒரு ஓகே பட்டன். என்ன ஓகே, யாருக்கு ஓகே?

அடுத்து நடப்பது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. முதலில் அதே கட்டளையை மறுபடி அடிப்பார்கள், ஏதோ சர்வர் மனசு மாறியிருக்கும் என்பது போல. பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள். பிறகு தேடுவார்கள். தேடினால் கிடைக்கிற முதல் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: கோப்புறையின் மேல் ரைட் கிளிக், செக்யூரிட்டி, 'எவ்ரிஒன்' சேர், 'ஃபுல் கன்ட்ரோல்' டிக் போடு. ரிஜிஸ்ட்ரியிலும் அதையே செய். அதுவும் சரிவரவில்லையா, நிரலை ஓட்டும் கணக்கைத் தூக்கி அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் போடு. வேலை நடந்துவிடும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

இந்த வைத்தியம் வேலை செய்கிறது என்பதுதான் அதிலுள்ள கெடுதலே. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் எலி போகும்தான். வேலை செய்யாத வைத்தியத்தை நாலு பேர் கைவிட்டுவிடுவார்கள். வேலை செய்கிற தப்பான வைத்தியம் அலுவலகத்துக்கு அலுவலகம், சீனியரிடமிருந்து ஜூனியருக்குச் சீதனம் போலப் போய்க்கொண்டே இருக்கும்.

பதிவு செய்வது என்றால் என்ன என்று ஒரு தடவை சரியாகப் புரிந்துகொண்டால், அந்தப் பெட்டியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்ட் 1993-ல் காம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. (இணைய முகவரியின் வாலில் ஒட்டியிருக்கும் காம் அல்ல, இது காம்பொனன்ட் ஆப்ஜெக்ட் மாடல்.) ஒருவர் எழுதிய பாகத்தை இன்னொருவரின் நிரல், எந்த மொழியில் எழுதியிருந்தாலும், கூப்பிட்டுப் பயன்படுத்த வேண்டும். அதற்கு ஒவ்வொரு பாகத்துக்கும் 128 பிட் நீளத்தில் ஓர் அடையாள எண். அந்த எண்ணுக்குரிய பாகம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை ரிஜிஸ்ட்ரியில் எழுதி வைக்க வேண்டும். 'இன்ப்ராக்சர்வர்32' என்று ஒரு கீ. அதன் மதிப்பு டிஎல்எல் கோப்பின் பாதை. பதிவு என்பது அடிப்படையில் இவ்வளவுதான். இந்த எண்ணைக் கேட்டால் இந்த முகவரிக்குப் போ என்று ஒரு குறிப்பு.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று. ரெக்எஸ்விஆர்32 தானாக அந்தக் குறிப்பை எழுதுவதில்லை. அது வெறும் தரகர். கோப்பை நினைவகத்தில் ஏற்றும், அதற்குள் டிஎல்எல்ரிஜிஸ்டர்சர்வர் என்ற செயல்கூறு இருக்கிறதா என்று தேடும், இருந்தால் கூப்பிடும். எழுதுகிற வேலையைச் செய்வது டிஎல்எல்லேதான், அதை எழுதிய ஆள் வைத்த நிரல்வரிகள்தான். ஆக, அட்மினிஸ்ட்ரேட்டராக உட்கார்ந்து ஒரு கோப்பைப் பதிவு செய்வது என்றால், அந்தக் கோப்புக்குள் இருக்கும் நிரலை அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு ஓட விடுவது என்று பொருள். எங்கிருந்தோ இறக்கிய, யார் எழுதியது என்று தெரியாத டிஎல்எல்லை 'சும்மா பதிவு மட்டும் செய்து பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. அதில் சும்மா எதுவும் இல்லை.

இனி அந்த எண். 80070005 என்பது மந்திரம் போலத் தெரிந்தாலும் இரண்டாக உடைத்தால் வாய் திறந்துவிடும். முன்பாதி 8007 சொல்வது, இது விண்டோஸின் பழைய பிழைப்பட்டியலிலிருந்து வந்தது என்பது. பின்பாதி அந்தப் பட்டியலில் வரிசை எண் 5. கறுப்புத் திரையில் 'நெட் ஹெல்ப்மெஸ்ஜி 5' என்று அடித்தால் விண்டோஸே பதில் சொல்லும்: அனுமதி மறுக்கப்பட்டது. இதை ஏன் அந்தப் பெட்டியிலேயே எழுதித் தொலைக்கவில்லை என்று கேட்டால் நியாயமான கேள்வி. அதைவிடப் பெரிய குறை, மறுக்கப்பட்டது என்று மட்டும் சொல்லி யாருக்கு, எதன் மேல், என்ன செய்ய முயன்றபோது என்ற மூன்றையும் விழுங்கிவிடுவது. இந்த மூன்றும் தெரியாதபோதுதான் ஆட்கள் எல்லோருக்கும், எல்லாவற்றின் மேலும், எல்லாம் செய்ய அனுமதி கொடுக்கிறார்கள். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

விழுங்கியதைக் கக்க வைக்க ஒரு கருவி இருக்கிறது. மார்க் ரஸ்ஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-ல் ஆரம்பித்த சிஸ்இன்டர்னல்ஸை 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. அதே வருடம் அவர்களுடைய ஃபைல்மான், ரெக்மான் இரண்டையும் சேர்த்து ப்ராசஸ் மானிட்டர் வந்தது. இலவசம். அதைத் திறந்து, ப்ராசஸ் பெயர் ரெக்எஸ்விஆர்32, முடிவு 'ஆக்சஸ் டினைட்' என்று இரண்டு வடிகட்டி போட்டுவிட்டு, பதிவுக் கட்டளையை மறுபடி அடித்தால் போதும். எந்தக் கீ, எந்தக் கோப்பு, படிக்கவா எழுதவா, எந்தக் கணக்கின் பெயரில் என்று ஒரே வரியில் வந்து நிற்கும். பத்து நிமிட வேலை. (சிவனே என்று இருக்கும் சர்வரில் அதை மணிக்கணக்கில் ஓடவிடக் கூடாது, நினைவகத்தைத் தின்னும்.) சில சமயம் நாலைந்து மறுப்புகள் வரிசையாக வரும். அதில் பாதி ஒரு நிரல் முதலில் அதிக அனுமதி கேட்டுப் பார்த்து, கிடைக்காமல் குறைந்த அனுமதியோடு மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வது. அவை பிரச்சனை இல்லை. தோல்விக்குச் சற்று முன்னால் வந்து, அதன்பின் வெற்றி காணாத வரியைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காதவர்கள் பத்து மணி நேரம் செலவழிப்பதை எந்த நிறுவனத்திலும் பார்க்கலாம். மூன்று அமைப்புகளை மாற்றி, இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து, நான்காவதாக ஏதோ ஒன்றைத் தட்டியபோது சரியாகிவிட்டால் அந்த நான்காவதுதான் மருந்து என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

சரி, இதற்கு மேல்தான் முக்கியமான விஷயம். பதிவு செய்வது ஒரு நேரம், பயன்படுத்துவது வேறு நேரம். இரண்டிலும் அனுமதிப் பிழை வரும், இரண்டிலும் அதே 80070005 தலைகாட்டும், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

பதிவு செய்யும்போது எழுத வேண்டிய இடம் ஹெச்கீ கிளாசஸ் ரூட். விண்டோஸ் 2000 முதல் இது தனி இடமே இல்லை. கணினி முழுவதற்குமான ஒரு பட்டியலையும் அந்தந்தப் பயனருக்கான ஒரு பட்டியலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டும் தோற்றம். புதிதாக ஒரு கீயை அங்கே எழுதினால் அது சாதாரணமாகக் கணினி முழுவதற்குமான பட்டியலில்தான் போய் விழும். எல்லாப் பயனர்களையும் பாதிக்கிற இடம் என்பதால் அங்கே எழுத அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் வேண்டும். நியாயம்தான். அந்த அதிகாரம் தேவைப்படுவது ஒரு தடவை, சில விநாடிகள்.

பயன்படுத்தும்போது தேவைப்படுவது என்ன? அந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும். கோப்பைப் படித்து ஓட்ட வேண்டும். வழக்கமாக அவ்வளவுதான். எழுதும் உரிமை துளிகூட வேண்டாம். ஆனால் நடப்பது என்ன? பதிவு செய்யும்போது வந்த பிழைக்காக, பயன்படுத்தும் கணக்குக்கு ஆயுள் முழுவதும் அட்மினிஸ்ட்ரேட்டர் பதவி கொடுத்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு ஒருநாள் கொடுத்த சாவிக்கொத்தை வாங்க மறந்துபோன மாதிரி. இல்லை, அதைவிட மோசம்: சமையல்காரர் வந்தபோது கதவு இறுகியிருந்தது என்பதற்காகக் கதவையே கழற்றி வைத்த மாதிரி.

பழைய ஏ.எஸ்.பி. பக்கங்களில் இந்த வித்தியாசம் எண்ணிலேயே தெரியும். சர்வர்.கிரியேட்ஆப்ஜெக்ட் என்ற வரி தோற்று ஏ.எஸ்.பி. 0177 வந்தால், அந்தப் பெயரில் ஒரு பாகத்தை உருவாக்கவே முடியவில்லை. பெரும்பாலும் பதிவு இல்லை, அல்லது பெயர் தப்பு. 0178 வந்தால் பாகம் இருக்கிறது, கேட்ட ஆளுக்கு அனுமதி இல்லை. 0177-ஐப் பார்த்துவிட்டுக் கோப்புறைக்கு அனுமதி கொடுப்பவரும் உண்டு, 0178-ஐப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி பதிவு செய்பவரும் உண்டு. நோய் ஒன்று, மருந்து வேறு.

அந்த 'கேட்ட ஆள்' யார் என்பதிலும் குழப்பம். பக்கத்தைத் திறப்பவர் பெயர் வேறு, அதை ஓட்டும் கணக்கு வேறு. விண்டோஸ் 2000-ல் ஐயூஎஸ்ஆர், ஐவாம் என்று தொடங்கும் இரண்டு கணக்குகள் இருந்தன. சர்வர் 2003-ல் நெட்வொர்க் சர்வீஸ் வந்தது. சர்வர் 2008 ஆர்2 முதல் ஒவ்வொரு ஆப்ளிகேஷன் பூலுக்கும் அதன் பெயரிலேயே தனி அடையாளம் தானாக உண்டாகிவிடுகிறது. அந்தப் பெயரை 'ஐஐஎஸ் ஆப்பூல்\' என்ற முன்னொட்டோடு செக்யூரிட்டி பெட்டியில் தட்டச்சு செய்து 'படிக்க, ஓட்ட' என்ற இரண்டை மட்டும் கொடுக்கலாம். பட்டியலில் தேடினால் தென்படாது, கையால் அடிக்க வேண்டும். கண்ணில் தென்படாததாலேயே பலர் 'எவ்ரிஒன்' பக்கம் போய்விடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

அனுமதிப் பிழை மாதிரியே வேஷம் போட்டு வரும் இன்னும் சிலவற்றையும் சொல்ல வேண்டும்.

'அவர் செய்தால் பதிவாகிறது, இவர் செய்தால் ஆகவில்லை, இரண்டு பேரும் அட்மின்தான்' என்ற புகார். இது 2007-ல் விஸ்டாவோடும் அதற்கடுத்த வருடம் சர்வர் 2008-ஓடும் வந்த யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோலின் வேலை. அட்மின் குழுவில் இருப்பவர் உள்ளே நுழைந்தாலும் அவருடைய சாதாரண வேலைகள் அதிகாரம் கழித்த சீட்டோடுதான் ஓடும். கறுப்புத் திரையைத் திறக்கும்போதே ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று கேட்டால்தான் முழுச் சீட்டு. ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றே பெயர் கொண்ட, விண்டோஸோடு கூடப் பிறந்த கணக்குக்கு இந்தக் கழிவு இயல்பாகக் கிடையாது. அவர் அந்தக் கணக்கில் நுழைந்திருப்பார், இவர் தன் பெயரில் நுழைந்திருப்பார். அவ்வளவுதான் விஷயம். இதற்காக யூஏசியையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகள் எத்தனை!

அடுத்தது கட்-பேஸ்ட். கோப்பு சரியான கோப்புறையில்தான் இருக்கிறது, கோப்புறைக்கு அனுமதி சரியாக இருக்கிறது, பக்கத்துக் கோப்புகள் எல்லாம் ஓடுகின்றன, இது ஒன்று மட்டும் ஓடவில்லை. டெஸ்க்டாப்பில் இறக்கிய கோப்பை வெட்டி எடுத்து அதே டிரைவில் இன்னோர் இடத்தில் ஒட்டினால், அது தன் பழைய அனுமதிகளைச் சுமந்துகொண்டு போகும். நகல் எடுத்து ஒட்டினால்தான் புது இடத்தின் அனுமதிகளை வாங்கிக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் அதைப் படிக்க உரிமை பெற்றவர் அதை இறக்கிய ஆளும் அட்மின்களும்தான். சர்வீஸ் கணக்குக்கு அங்கே என்ன வேலை? கோப்பின் மேல் பரம்பரை அனுமதியைத் திரும்ப ஏற்றிவிட்டால் தீர்ந்தது. இதை அறியாமல் டிரைவ் முழுவதையும் திறந்துவிட்டவர்கள் உண்டு.

32, 64 குழப்பம் தனி ரகம். 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32 என்ற அடைவில், 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்ற அடைவில். தலைகீழாக எழுதியிருப்பதாக நினைக்க வேண்டாம், நிஜமாகவே அப்படித்தான் :-) 32 பிட் பாகங்களின் பதிவுகள் ரிஜிஸ்ட்ரியில் வாவ்6432நோட் என்ற தனிக்கிளையில் போய் உட்காரும். 64 பிட்டாக ஓடும் ஆப்ளிகேஷன் பூல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது; 'பாகம் பதிவாகவில்லை' என்று 80040154-ஐக் காட்டும். பதிவு செய்தவரோ பதிவு வெற்றி என்ற பெட்டியைக் கண்ணாரப் பார்த்திருக்கிறார். உடனே சந்தேகம் அனுமதி மேல் பாயும். அந்தப் பூலின் அமைப்பில் 32 பிட் நிரல்களுக்கு இடம் கொடு என்று ஒரு வரி இருக்கிறது. அதை மாற்றினால் ஓடிவிடும். விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய டிஎல்எல்கள் எல்லாமே 32 பிட். அந்த மென்பொருள் உருவாக்கும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஆனால் அதில் எழுதியவை சாவதாகத் தெரியவில்லை.

காம்+ பாகங்களில் 'இன்டராக்டிவ் யூசர்' என்ற பெயரில் ஓட்டுவது இன்னொன்று. யார் சர்வர் முன்னால் உட்கார்ந்து லாகின் செய்திருக்கிறாரோ அவர் பெயரில் ஓடும். எழுதியவர் இருக்கும்வரை பிரமாதமாக ஓடும். அவர் லாக் ஆஃப் செய்துவிட்டு பஸ் ஏறியதும் நின்றுவிடும். திரும்பி வந்து லாகின் செய்து பார்த்தால் மறுபடி ஓடும். பேய் பிடித்த சர்வர் என்று பெயர் வாங்கியவற்றில் இப்படிப்பட்டவையும் இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். திறந்துவிட்டால் என்ன ஆகிவிடும்? உள் நெட்வொர்க்தானே?

என்ன ஆகும் என்று முதலில் அந்த ஒரு கீயை வைத்தே பார்க்கலாம். இன்ப்ராக்சர்வர்32-ல் இருப்பது ஒரு கோப்பின் பாதை. ரிஜிஸ்ட்ரியில் அந்த இடத்தை எல்லோருக்கும் முழு அனுமதியோடு திறந்துவிட்டால், சர்வரில் கால்வைக்க முடிந்த எந்தச் சாதாரணப் பயனரும் அந்தப் பாதையை அழித்துத் தன் கோப்பின் பாதையை எழுதலாம். கோப்புறையைத் திறந்துவிட்டிருந்தால் அதுகூட வேண்டாம், அதே பெயரில் வேறு கோப்பை வைத்துவிடலாம். நாளைக்கு உயர்ந்த அதிகாரத்தில் ஓடும் ஏதாவது ஒரு சர்வீஸ் அந்தப் பாகத்தைக் கேட்கும். கேட்டதும் இவருடைய கோப்பு அந்த அதிகாரத்தோடு ஓடும். கடவுச்சொல் உடைக்க வேண்டாம், ஓட்டை தேட வேண்டாம். ஓட்டையை வெள்ளிக்கிழமை சாயங்காலமே போட்டுக் கொடுத்தாயிற்று.

பயனர் பட்டியல் கணினிப் பட்டியலை மறைக்கிற வசதியை வைத்தே இப்படி ஏமாற்றலாம் என்பதால்தான், விஸ்டா முதல், உயர்ந்த அதிகாரத்தில் ஓடும் நிரல்கள் பாகத்தைத் தேடும்போது பயனரின் சொந்தப் பட்டியலைக் கண்டுகொள்ளாமல் கணினிப் பட்டியலை மட்டும் பார்க்கும்படி மாற்றினார்கள். மைக்ரோசாஃப்ட் இந்தப் பக்கம் ஒரு கதவை அடைக்கிறது. கணினிப் பட்டியலிலேயே 'எவ்ரிஒன்' டிக் போடுகிறவர் அந்தப் பக்கம் சுவரை இடிக்கிறார்.

பாகத்தை அளவுக்கு மீறிய அதிகாரத்தில் ஓட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் 2001-ல் வந்த கோட் ரெட். விண்டோஸ் 2000 சர்வரை நிறுவினால் வலைச்சேவையும் கூடவே நிறுவப்படும். அதோடு ஒட்டிக்கொண்டு ஐடிக்யூ.டிஎல்எல் என்ற ஒரு பாகம். தேடல் வசதிக்கானது. அந்தத் தேடல் சேவை ஓடாவிட்டாலும் பாகம் இணைப்பில் இருக்கும். அதில் ஒரு நிரல்வழு, அளவுக்கு மேல் நீளமான கோரிக்கையைத் தாங்காது. வழு எல்லா நிரலிலும் இருக்கும். இங்கே வினை என்னவென்றால், அந்தப் பாகம் சிஸ்டம் அதிகாரத்தில் ஓடியது. கணினியில் அதற்கு மேல் அதிகாரம் கிடையாது. ஜூன் 18 அன்று திருத்தம் வெளியாகிவிட்டது. பலர் போடவில்லை. ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் மேற்பட்ட கணினிகளைப் புழு பிடித்தது. ஆகஸ்டில் வந்த கோட் ரெட் 2 இன்னும் தைரியசாலி. கட்டளைத் திரை நிரலையே நகலெடுத்து, வெளியிலிருந்து யாரும் கூப்பிடக்கூடிய வலை அடைவில் வைத்துவிட்டுப் போனது. ஒரு தேடல் பாகத்துக்குச் சிஸ்டம் அதிகாரம் எதற்கு? யாரும் கேட்கவில்லை. சர்வர் 2003-ல் நெட்வொர்க் சர்வீஸ் என்ற அதிகாரம் குறைந்த கணக்கில் வலை நிரல்களை ஓட்ட ஆரம்பித்ததும், வலைச்சேவையைத் தானாக நிறுவாமல் விட்டதும் இந்த மாதிரி அடிகளுக்குப் பிறகுதான்.

தேவைக்கு மேல் அதிகாரம் கூடாது என்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே தங்கள் கட்டுரையில் அதை ஒரு கோட்பாடாக எழுதிவிட்டார்கள். கல்லூரித் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக அது வரும், எல்லோரும் எழுதுவார்கள். வேலைக்குப் போன முதல் மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். அதற்கு அவர்களை மட்டும் திட்டுவது சரியில்லை. விற்பனை செய்யும் மென்பொருளோடு வரும் நிறுவல் கையேட்டிலேயே 'முழு அனுமதி கொடுக்கவும்' என்று அச்சடித்து வைத்தால், அதை நம்பிச் செய்கிற இருபத்திரண்டு வயதுப் பையனோ பெண்ணோ என்ன செய்ய முடியும்? தன் நிரலுக்கு எந்தக் கீயில் எழுத வேண்டும், எந்தக் கோப்புறையைப் படிக்க வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரியாதா? தெரியும். பட்டியல் போடச் சோம்பல். தவிர, தொலைபேசியில் வரும் புகார்கள் குறையும். ஓட்டையின் செலவு வாங்கியவர் கணக்கில், சோம்பலின் லாபம் விற்றவர் கணக்கில்.

இந்தக் கடன் திரும்பி வந்து வட்டி கேட்டதும் உண்டு. தொழிற்சாலைகளில் இயந்திரங்களின் தரவை வாங்கப் பயன்படும் பழைய ஓபிசி, தூரத்துக் கணினியோடு பேச டிகாமை நம்பியிருக்கிறது. அதை ஓட வைக்க அனுமதிகளைத் தளர்த்து, சரிபார்ப்பு நிலையைக் கீழே இறக்கு என்பது அந்த வட்டாரத்தில் வழக்கமான கைவைத்தியம். டிகாமில் கண்டுபிடித்த ஒரு பாதுகாப்புக் குறையை அடைக்க மைக்ரோசாஃப்ட் 2021 ஜூனில் ஒரு திருத்தத்தைக் கொடுத்தது. முதலில் விருப்பமிருந்தால் இயக்கிக்கொள்ளலாம். 2022 ஜூன் முதல் தானாக இயங்கும், வேண்டாமென்றால் அணைக்கலாம். 2023 மார்ச் 14-க்குப் பிறகு அணைக்கவே முடியாது. கிட்டத்தட்ட இரண்டு வருட அவகாசம். சரிபார்ப்பை ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்கு அந்த மார்ச் மாதம் சாதாரண மாதம். கைவைத்தியத்தில் ஓட்டியவர்கள் பிழை எண்களோடு அலைந்தார்கள்.

பதிவே செய்யாமல் ஓட்டும் வழியும் ஒன்று எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. நிரலின் பக்கத்திலேயே ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பில் பாகத்தின் விவரத்தை எழுதி வைத்தால், ரிஜிஸ்ட்ரி பக்கம் போகாமலே அந்த நிரலுக்குப் பாகம் கிடைக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் வேண்டாம். எல்லாப் பாகத்துக்கும் இது ஒத்துவராது. தனி நிரலாக ஓடும் பாகங்களுக்குச் சுத்தமாக ஆகாது. ஒத்துவருகிற இடத்தில்கூட இதை முயன்று பார்ப்பவர்கள் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

கடைசியாக ஒன்று. மறுப்பு வந்தால் எல்லாவற்றையும் சரிசெய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஈவென்ட் வியூவரைத் திறந்தால் டிகாமின் பெயரில் 10016 என்ற எண்ணோடு வரிசையாகப் பதிவுகள் நிற்கும். இன்ன கணக்குக்கு இன்ன பாகத்தை இயக்க அனுமதி இல்லை என்று. இதைப் பார்த்துப் பதறி, ட்ரஸ்டட்இன்ஸ்டாலர் வசம் இருக்கும் கீயின் உரிமையைப் பிடுங்கித் தன் பெயருக்கு மாற்றி, டிகாம்சிஎன்எஃப்ஜியில் போய் அனுமதி கொடுக்கும் ஆட்கள் நிறைய. விண்டோஸின் சொந்தப் பாகங்கள் முதலில் ஒரு விதமாகக் கேட்டு, மறுக்கப்பட்டால் வேறு விதமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி எழுதப்பட்டவை, இந்தப் பதிவுகளால் எந்த வேலையும் கெடுவதில்லை, கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. கண்ணை உறுத்தினால் ஈவென்ட் வியூவரில் ஒரு வடிகட்டி போட்டு மறைத்துக்கொள்ளலாம்.